சித்திலெப்பை: நிலைக்காத முதல் பாடசாலையும் கைவிடாத நண்பர்களும்

அறிஞர் சித்திலெப்பையின் பெயரைக் கேள்விப்படாத முஸ்லிம் பாடசாலை மாணவர் நமது நாட்டில் இருப்பது அரிது. முஸ்லிம் நேசன், அசன்பேயுடைய கதை, ஸாஹிரா ஆகிய மூன்று பெயர்களையும் மனனம் செய்துகொண்டால் பரீட்சையில் புள்ளி கிடைத்துவிடும். பரீட்சை முடிந்ததும் அவை மறந்தும் போகும். அந்த மூன்று பெயர்களுக்கும் பின்னால் ஒரு மகன், ஒரு சகோதரன், ஒரு நண்பன் இருந்ததை நாம் பேசுவது குறைவு. தன் சமூகத்தாரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டே அந்தச் சமூகத்தின் பிள்ளைகளுக்காகக் கைப்பணத்தைச் செலவிட்ட அந்த மனிதரைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

முஹம்மது காசிம் சித்திலெப்பை 1838 ஜூன் 11 ஆம் திகதி கண்டியில் பிறந்தார். அவருடைய தந்தை எம்.எல். சித்திலெப்பை ஒரு புறக்டர், அதாவது சட்டத்தரணி. இலங்கைச் சோனகரில் முதன்முதலாக அந்தத் தொழிலுக்கு வந்தவராக வரலாற்று நூல்கள் குறிப்பிடுவது அவரைத்தான். சகோதரர்களில் ஒருவரான முஹம்மது லெப்பை ஆலிம் மார்க்கக் கல்வியில் ஊறியவர். ஒரே வீட்டில் ஆங்கிலத்தில் சட்டம் படித்த தந்தையும் அரபியில் கிதாபு ஓதிய சகோதரரும் இருந்தார்கள். சட்டப் புத்தகத்தைத் திறந்தவர் கிதாபை மூடிவிட வேண்டும் என்ற எண்ணம் அந்த வீட்டில் இருந்திருக்க முடியாது. பிற்காலத்தில் சித்திலெப்பை நாடு முழுவதற்கும் சொல்ல முயன்ற விடயம், அவர் பிறந்து வளர்ந்த வீட்டில் அன்றாட நடைமுறையாக இருந்தது.

அவரும் தந்தையின் தொழிலையே தேர்ந்தெடுத்தார். 1860களில் கண்டி நீதிமன்றத்தில் புறக்டராக வழக்குப் பேசத் தொடங்கினார். அது கோப்பித் தோட்டங்களின் காலம். மலைநாட்டின் பணமெல்லாம் கண்டி வழியாகத்தான் ஓடியது. காணித் தகராறுக்கும் வியாபாரப் பிணக்குக்கும் குறைவில்லாத ஊர் அது. தமிழும் அரபியும் ஆங்கிலமும் அறிந்த ஒரு சட்டத்தரணிக்குத் தொழில் தேடி வரும். நகரசபையில் அங்கம் வகித்தார், நீதவானாகவும் கடமையாற்றினார். அந்தப் பாதையிலேயே போயிருந்தால் கண்டியின் கௌரவமான செல்வந்தர்களில் ஒருவராக வாழ்ந்து மறைந்திருப்பார். நாமும் இன்று அவரைப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

நீதிமன்றத்துக்கு வரும் தன் சமூகத்தாரை அவர் நாள்தோறும் பார்த்தார். 1881 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் சோனகர் தொகை ஏறத்தாழ 185,000. வியாபாரத்தில் கெட்டிக்காரர்கள். ஆனால் உறுதியை வாசிக்கவோ, அரசாங்கத்துக்கு ஒரு மனு எழுதவோ பிறரிடம் போய் நிற்க வேண்டியவர்கள். ஆங்கிலம் படித்த முஸ்லிம்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இதற்குச் சமூகத்தின் சோம்பலை மட்டும் காரணமாகச் சொல்லிவிடக் கூடாது. அன்று ஆங்கிலம் கற்பித்த பாடசாலைகளில் பெரும்பாலானவை மிஷனரிமாரின் கையில் இருந்தன. அங்கே எழுத்தோடு சேர்த்து வேதாகமமும் கற்பிக்கப்பட்டது. பிள்ளை ஆங்கிலம் படிக்கப் போய் ஈமானை இழந்து வருவானோ என்று பெற்றோர் பயந்தார்கள். உலமாக்களும் பயந்தார்கள். அந்த அச்சத்தை வெறும் அறியாமை என்று இன்று எழுதுவோர் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அச்சத்துக்கு நியாயம் இருந்தது. அச்சத்துக்குக் கண்ட பரிகாரம்தான் பிழை. பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டால் போதும் என்று சமூகம் முடிவு செய்தது. வேறொரு பாடசாலையை நாமே கட்டினால் என்ன என்று சித்திலெப்பை கேட்டார்.

இந்தக் கேள்வியை நம் நாட்டில் முதலில் கேட்டவர் அவரும் அல்லர். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் 1848 இலேயே சைவப் பிள்ளைகளுக்கென்று பாடசாலை தொடங்கியிருந்தார். 1880 இல் காலியில் வந்திறங்கிய கேணல் ஒல்கொட் பௌத்த பாடசாலைகளுக்காக ஊர் ஊராக நிதி திரட்டிக்கொண்டிருந்தார். அண்டை வீட்டார் இருவரும் விழித்துக்கொண்ட பிறகும் நாம் மட்டும் உறங்கிக்கொண்டிருப்பதா என்பதே அவருடைய கவலை.

அந்தக் கவலையின் முதல் வெளிப்பாடு ஒரு பத்திரிகை. 1882 டிசம்பர் 21 ஆம் திகதி முஸ்லிம் நேசன் என்ற தமிழ் வார இதழின் முதல் பிரதி கண்டியிலிருந்து வெளிவந்தது. பத்திரிகை நடத்துவது அன்று இலாபம் தரும் தொழில் அல்ல. படிக்கத் தெரிந்தவர்களே குறைவான ஒரு சமூகத்துக்கு வாராவாரம் பத்திரிகை அச்சிடுவது, விதை நெல்லைக் கடனாக வாங்கி விதைப்பது போன்றது. சந்தாப் பணம் ஒழுங்காக வராது, அச்சுக்கூடச் செலவு மட்டும் ஒழுங்காக வரும். வழக்குப் பேசிச் சம்பாதித்த பணத்தையும், பின்னர் வழக்குப் பேச வேண்டிய நேரத்தையும் அவர் அதில் போட்டார். முஸ்லிம் உலகச் செய்திகள், பிள்ளைகளின் கல்வி, சமூகத்தில் புரையோடிய வீண் செலவுகள், அரசாங்கச் சட்டங்கள் என்று எல்லாமே அதில் இடம்பெற்றன. கடையில் உட்கார்ந்திருக்கும் ஒரு வியாபாரி, கெய்ரோவில் நடப்பதையும் ஸ்தம்பூலில் நடப்பதையும் தன் தாய்மொழியில் வாசிக்கும் நிலை அந்தப் பத்திரிகையால் உண்டானது.

பத்திரிகை பிறந்து இருபதே நாளில், அதன் செய்திகளில் வந்துகொண்டிருந்த மனிதரே கொழும்புத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்.

எகிப்தில் அந்நிய ஆதிக்கத்துக்கு எதிராக எழுந்தவர் அஹ்மத் ஒராபி பாஷா. நைல் கழிமுகப் பகுதிக் கிராமமொன்றில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, அல்-அஸ்ஹரில் ஓதி, இராணுவத்தில் உயர்ந்தவர். 1882 செப்டம்பரில் தெல் அல்-கபீர் போரில் அவருடைய படை பிரித்தானியரிடம் தோற்றது. மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்பு அது நாடுகடத்தலாக மாற்றப்பட்டது. அவரும் அவருடைய தோழர்கள் அறுவருமாக எழுவரை பிரித்தானியர் இலங்கைக்கு அனுப்பினார்கள். மரியோடிஸ் என்ற கப்பல் 1883 ஜனவரி 10 ஆம் திகதி கொழும்பை அடைந்தபோது முஸ்லிம்கள் திரளாகக் கூடினார்கள். ஒரு கைதியை மாப்பிள்ளையைப் போல வரவேற்ற நாள் அது.

கூட்டம் கலைந்த பிறகும் அவரோடு நின்றவர்களில் முக்கியமானவர் சித்திலெப்பை. இருவருக்கும் இடையில் வளர்ந்த நட்பைப் பற்றி நாம் பேச வேண்டிய அளவு பேசுவதில்லை. ஒருவர் போரில் தோற்று, நாட்டையும் சொத்தையும் இழந்து வந்தவர். மற்றவர் பிரித்தானிய நீதிமன்றத்தில் தொழில் செய்து வாழ்ந்தவர். பிரித்தானியர் தம் பகைவராகக் கருதிய ஒருவரோடு நெருங்கிப் பழகுவது ஒரு சட்டத்தரணிக்குத் தொழில் ரீதியாக இலாபமான காரியம் அல்ல. ஆயினும் பழகினார். ஆயுதத்தால் முடியாததைக் கல்வியால் செய்ய வேண்டும் என்ற முடிவில் அவர்கள் இருவரும் ஒன்றுபட்டார்கள். ஒராபி பாஷாவே இலங்கை வந்த பின்பு ஆங்கிலம் படிக்கத் தொடங்கினார். அல்-அஸ்ஹரில் ஓதிய, முஸ்லிம் உலகமே வீரராகக் கொண்டாடிய ஒருவர் ஆங்கிலப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பதைக் கண்ட பிறகு, ஆங்கிலம் படிப்பது ஹராம் என்று சொல்வது யாருக்கும் இலேசாக இருந்திருக்காது.

இந்த நட்புக்கு மூன்றாவது தூண் ஒன்றும் இருந்தது. அது வாப்பிச்சி மரிக்கார். கொழும்பு நூதனசாலைக் கட்டடத்தைக் கட்டியெழுப்பியவர் அவர்தான். 1877 ஜனவரி முதலாம் திகதி அது திறக்கப்பட்டபோது, என்ன பரிசு வேண்டும் என்று தேசாதிபதி கிரகரி கேட்டதாகவும், வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைத்தால் போதும் என்று அவர் பதில் சொன்னதாகவும் நம் முன்னோர் சொல்லி வந்திருக்கிறார்கள். சட்டம் தெரிந்த ஒருவர், உலகம் தெரிந்த ஒருவர், கல்லும் சுண்ணாம்பும் தெரிந்த ஒருவர். ஒரு பாடசாலை கட்ட இதற்கு மேல் என்ன வேண்டும் என்று தோன்றும்.

ஆனால் முதல் முயற்சி நிலைக்கவில்லை. 1884 நவம்பரில் கொழும்பு புதிய சோனகத் தெருவில் அவர்கள் ஒரு பாடசாலையைத் திறந்தார்கள். மார்க்கக் கல்வியோடு ஆங்கிலமும் தமிழும் கற்பிப்பது திட்டம். எதிர்பார்த்தபடி பிள்ளைகள் சேரவில்லை, எதிர்பார்த்தவர்களிடமிருந்து பணமும் சேரவில்லை. சமூகத்தின் சந்தேகம் தீரவில்லை. கண்டியில் நன்றாக ஓடிய தொழிலைக் குறைத்துக்கொண்டு கொழும்புக்கும் கண்டிக்கும் அலைந்த மனிதருக்கு இது பெரிய அடி.

அதே 1884 ஆம் ஆண்டோடுதான் வெலிகமை பாரி மத்ரஸாவின் தொடக்கமும் சேர்த்துப் பேசப்படுகிறது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் முயற்சியில் உருவானது அது. ஆலிம்களை உருவாக்கும் மத்ரஸா தென்கரையில் வேர் பிடித்து இன்றுவரை நிற்கிறது. ஆங்கிலத்தையும் சேர்த்துக் கற்பிக்க வந்த பாடசாலை தலைநகரில் தள்ளாடியது. அன்றைய சமூகம் எதை நம்பியது, எதை நம்பவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. கிதாபு ஓதிவிட்டு, பின்பு கலைப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்த என் போன்றோருக்கு அந்தச் சந்தேகத்தின் மிச்சம் கொஞ்சம் அனுபவத்தில் உண்டு. இரு பக்கத்தாரும் நம்மை அடுத்த பக்கத்து ஆளாகவே பார்ப்பார்கள்.

பாடசாலை தள்ளாடிய காலத்தில் சித்திலெப்பை என்ன செய்தார்? ஒரு நாவல் எழுதினார். 1885 இல் அசன்பேயுடைய கதை வெளிவந்தது. தமிழில் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்து ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன. தமிழ்நாட்டு வாசகர் பலரும் நன்கறிந்த கமலாம்பாள் சரித்திரம் வருவதற்கு இன்னும் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் இருந்தன. இலங்கையில் எழுந்த முதல் தமிழ் நாவலாக இன்று அசன்பே கொள்ளப்படுகிறது. எகிப்தின் உயர்குடியில் பிறந்த குழந்தை ஒன்று பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, பம்பாயில் வளர்ந்து, கல்வி கற்று, பல இன்னல்களைக் கடந்து தன் பிறந்த நாட்டை அடையும் கதை. கதையின் களம் எகிப்தும் இந்தியாவும். திருப்பங்களும் தற்செயல்களும் இன்றைய வாசகருக்குச் சற்று அதிகமாகப் படலாம். ஆயினும் தன் பிறப்பை அறியாத ஒரு பிள்ளை கல்வியினாலும் நல்லொழுக்கத்தினாலும் தன் இடத்தைத் திரும்பப் பெறுகிறான் என்ற கதையை, நாடு கடத்தப்பட்ட எகிப்தியரோடு தினமும் பேசிக்கொண்டிருந்த ஒருவர் எழுதியது தற்செயல் அல்ல. பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பாத வீட்டுக்குள் கதையாவது போகட்டும் என்று அவர் நினைத்திருக்கக் கூடும்.

எதிர்ப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கிலீஷ்காரனின் ஆள், மார்க்கத்தைக் கெடுப்பவர் என்ற தோரணையில் அவரைத் தூற்றினார்கள். ஒராபி பாஷாவின் நண்பரை இங்கிலீஷ்காரனின் ஆள் என்று சொல்வதில் உள்ள முரண்பாட்டை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர் எழுத்தை நிறுத்தவில்லை, பாடசாலைப் பேச்சையும் நிறுத்தவில்லை. சட்டசபையில் முஸ்லிம்களுக்கென்று ஒரு பிரதிநிதி இல்லாத குறையையும் முஸ்லிம் நேசன் பேசி வந்தது. 1889 இல் எம்.சி. அப்துல் றஹ்மான் முதல் முஸ்லிம் அங்கத்தவராக நியமனம் பெற்றார்.

அடுத்து அவர் செய்த ஒரு காரியத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். 1891 இல் கண்டியில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு பாடசாலை தொடங்கினார். ஆண் பிள்ளைகளைப் படிக்க அனுப்பவே தயங்கிய காலம். நம் வீட்டுப் பெண்கள் குர்ஆனையும் அரபுத் தமிழில் எழுதப்பட்ட மாலைகளையும் ஓதினார்கள். அதற்கு மேல் எழுத்து எதற்கு என்பதே பொதுவான எண்ணம். பெண் பாடசாலைக்கு யார் தம் மகளை முதலில் அனுப்புவார்கள்? யார் போய்க் கற்பிப்பார்கள்? அவர் பிறர் வீட்டுப் பெண்களைத் தேடிப் போகவில்லை. தம் சொந்தச் சகோதரியையே பாடசாலையின் பொறுப்பில் அமர்த்தினார். ஏச்சு வந்தால் முதலில் தம் குடும்பத்துக்கே வரட்டும் என்பது அதன் பொருள். அந்தச் சகோதரியின் துணிவைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு. வழக்கமாக ஒரு வரியோடு கடந்துவிடுகிறோம். தந்தையும் சகோதரரும் தந்த வீட்டுச் சூழலில் அவரும் வளர்ந்தார் என்பதை நினைத்துப் பார்த்தால், சித்திலெப்பையின் பணியைத் தனி மனிதர் ஒருவரின் பணியாகச் சொல்ல மனம் வராது. அது ஒரு குடும்பத்தின் பணி. கண்டிக்கு வெளியே கம்பளை, குருநாகல் போன்ற ஊர்களிலும் பாடசாலைகள் தொடங்க அவர் பாடுபட்டார்.

பாடசாலை இருந்தால் பாடப் புத்தகம் வேண்டுமே. முஸ்லிம் பிள்ளைக்குத் தமிழில் அரபு இலக்கணம் சொல்லித்தரும் நூல் தேவைப்பட்டது, அதை எழுதினார். தொழுகையின் சட்டங்களை விளக்கும் நூல் தேவைப்பட்டது, அதையும் எழுதினார். ஒரு சட்டத்தரணி பிள்ளைகளுக்கு நஹ்வுப் புத்தகம் எழுத உட்கார்ந்ததை எண்ணிப் பாருங்கள். மத்ரஸாவில் முதல் வருடம் நஹ்வோடு மல்லுக்கட்டிய எவருக்கும், அதைத் தாய்மொழியில் இலேசாகச் சொல்ல முயன்ற ஒருவர் மீது பிரியம் வராமல் போகாது.

1892 ஆகஸ்ட் 22 ஆம் திகதி கொழும்பு மருதானைப் பள்ளிவாசல் வளவில் பாடசாலை மீண்டும் திறக்கப்பட்டது. முதல் முயற்சி நிலைக்காமல் போய் ஏழெட்டு ஆண்டுகளுக்குப் பின்பு, அதே மூவரும் அதே எண்ணத்தோடு நின்றார்கள். வாப்பிச்சி மரிக்கார் கட்டடப் பொறுப்பையும் நிர்வாகச் சுமையையும் ஏற்றார். ஒராபி பாஷா போஷகரானார். பள்ளிவாசலின் வளவிலேயே பாடசாலையை அமைத்ததில் ஒரு நுட்பம் உண்டு. பாங்கொலி கேட்கும் இடத்தில் ஆங்கிலம் படிக்கும் பிள்ளை ஈமானை இழந்துவிடுவான் என்று சொல்வது கஷ்டம். தொழ வரும் தந்தை மகனையும் கையோடு அழைத்து வரலாம். இந்தப் பாடசாலை நிலைத்தது. பிற்காலத்தில் ஸாஹிரா கல்லூரி என்று நாடறிந்த நிறுவனம் இதுதான். ரி.பி. ஜாயா 1921 இல் அதிபராகப் பொறுப்பேற்றார். அவருக்குப் பின் 1948 இல் ஏ.எம்.ஏ. அஸீஸ் வந்தார். இவர்களின் காலத்தில் அது அடைந்த வளர்ச்சியை எழுதத் தனிக் கட்டுரை வேண்டும்.

இறுதிக் காலத்தில் அவருடைய மனம் தஸவ்வுபின் பக்கம் அதிகமாகச் சாய்ந்தது. 1897 இல் அஸ்றாறுல் ஆலம் என்ற நூலை வெளியிட்டார். படைப்பின் இரகசியங்களைப் பேச முயன்ற அந்த நூலுக்குக் கடும் கண்டனம் எழுந்தது. அதிலுள்ள எல்லாக் கருத்துகளையும் நாம் ஏற்க வேண்டும் என்பதில்லை. மார்க்க அறிஞர்கள் கருத்து வேறுபடக் கூடிய விடயங்கள் அதில் உண்டு. ஆனால் கல்விக்காக அவரை ஏசியவர்களுக்கு அந்த நூல் ஒரு வசதியான ஆயுதமாகிவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். உடல் நலிந்து, பணமும் கரைந்திருந்த நிலையில் மீண்டும் ஒருமுறை கண்டனக் குரல்களை அவர் கேட்க வேண்டியிருந்தது.

1898 பெப்ரவரி 5 ஆம் திகதி அவர் கண்டியில் காலமானார். அறுபது வயது நிறைவடைய நான்கு மாதங்கள் இருந்தன. வல்ல அல்லாஹ் அன்னாரின் கப்ரை ஒளிமயமாக்குவானாக. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களும் அதே 1898 இல்தான் வபாத்தானார்கள். தமிழ் பேசும் முஸ்லிம்கள் ஒரே ஆண்டில் தங்கள் இரு பெரும் ஆசான்களை இழந்தார்கள்.

அவரிடம் பழகி உருவானவர்களில் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் முக்கியமானவர். இலங்கைச் சோனகரின் வரலாறு பற்றிப் பொன்னம்பலம் இராமநாதன் முன்வைத்த கருத்துகளுக்கு 1907 இல் நூல் வடிவில் விரிவான மறுப்பு எழுதியவர் அவர். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வாதத்துக்கு ஆங்கிலத்திலேயே பதில் சொல்ல ஒரு முஸ்லிம் இருந்தார் என்றால், அதில் சித்திலெப்பையின் உழைப்புக்கும் பங்கு உண்டு. 1977 இல் இலங்கை அரசாங்கம் சித்திலெப்பையின் நினைவாக முத்திரை வெளியிட்டது.

நண்பர் மறைந்தபோது ஒராபி பாஷா கண்டியில்தான் வசித்துவந்தார். 1892 இல் கொழும்பிலிருந்து அங்கு குடிபெயர்ந்திருந்தார். கூட வந்த தோழர்கள் சிலர் இந்த மண்ணிலேயே அடங்கிவிட்டார்கள். 1901 இல் மன்னிப்புக் கிடைத்து அவர் எகிப்துக்குக் கப்பலேறினார். அப்போது மருதானைப் பாடசாலைக்கு ஒன்பது வயது.